மூன்றாம் ஆண்டு புராஜெக்ட்: காசு கொடுத்து வாங்குவதா, கண்மாய்க்குப் போவதா?

கேள்வி:

மேடம், வணக்கம். நான் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு கிராமத்திலிருந்து கல்லூரிக்கு வந்து போகிறேன். பி.எஸ்சி. தாவரவியல், மூன்றாம் ஆண்டு. ஆறாவது செமஸ்டரில் எங்களுக்குப் புராஜெக்ட் உண்டு. ஐந்து பேர் ஒரு குழு. ஏப்ரலில் வைவா. "போன வருஷம் செஞ்ச தலைப்பையே எடுத்துக்குங்க, செடியை மட்டும் மாத்திக்குங்க" என்று கைடு சொல்லிவிட்டார். கல்லூரி லேபில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ் பழுதாகிக் கிடக்கிறது. டவுனில் ஒரு புராஜெக்ட் சென்டர் இருக்கிறது. தலைக்கு 2,500 ரூபாய் கொடுத்தால் இலையை வாங்கிக்கொண்டு, சாறு எடுத்து, பாக்டீரியா டெஸ்ட் செய்து, பைண்டிங் போட்டு அவர்களே கொடுத்துவிடுவார்களாம். சீனியர்கள் பலர் அப்படித்தான் செய்தார்கள். என் குழுவில் மூன்று பேர் சரி என்று சொல்லிவிட்டார்கள். அப்பா கூலி வேலைக்குப் போகிறவர். அந்தப் பணம் எனக்குப் பெரிய தொகை. பணம் ஒரு பக்கம் இருக்கட்டும், செய்யாததைச் செய்ததாக எழுதுவதும் உறுத்துகிறது. ஆனால் லேப் இல்லாமல் என்ன ஆராய்ச்சி செய்ய முடியும்?

என் தோழி அதே கல்லூரியில் பி.ஏ. வரலாறு. அவளுக்கும் புராஜெக்ட் உண்டு. "உங்களுக்காவது லேப்னு ஒண்ணு இருக்கு, எங்களுக்கு நாலு புஸ்தகத்தைப் பார்த்து எழுதுறதுதான் ஆராய்ச்சி" என்கிறாள். எங்கள் ஊர்க் கண்மாய் இந்த வருஷம் கார்த்திகை மழையில் நிரம்பியிருக்கிறது. அதை வைத்து இரண்டு பேரும் ஏதாவது செய்யலாமா என்று ஒரு நாள் பஸ்ஸில் பேசிக்கொண்டோம். அது சரிவருமா?

ஒரு வாசகி, புதுக்கோட்டை மாவட்டம்

பதில்:

அன்புள்ள மாணவிக்கு,

பஸ்ஸில் பேசிக்கொண்டதைக் கடைசியில் தயங்கித் தயங்கி எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான். அதற்கு வருகிறேன். முதலில் சென்டர் விவகாரத்தை முடித்துவிடுவோம்.

வாங்காதீர்கள். உறுத்துகிறது என்று நீங்களே எழுதிவிட்டதால் நேர்மையைப் பற்றி நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பல ஆண்டுகள் எக்ஸ்டர்னலாக, அதாவது வெளித் தேர்வாளராக, வைவா எடுக்கப் போனவள் நான். சென்டர் புராஜெக்டை அடையாளம் காண எனக்கு எந்த மென்பொருளும் தேவைப்பட்டதில்லை. "இலையை எந்த மாதம் பறித்தீர்கள்? அப்போது செடி பூத்திருந்ததா?" என்று கேட்டால் போதும், ஐந்து பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். மதிப்பெண் என்னவோ போட்டுவிடுவோம், அதையும் மறைக்க வேண்டாம். இளநிலைப் புராஜெக்டில் ஃபெயில் ஆகிறவர்கள் அபூர்வம். ஆகவே மாட்டிக்கொள்வீர்கள் என்று பயமுறுத்தி உங்களைத் தடுக்கப் பார்க்கவில்லை. மற்ற எல்லாப் பேப்பரிலும் விடை யாரிடமோ தயாராக இருக்கிறது. விடை இன்னும் யார் கையிலும் இல்லாத ஒரு வேலை மூன்று வருடப் படிப்பில் உங்களுக்குக் கிடைப்பது இந்த ஒரு தடவைதான். அதையும் காசு கொடுத்து அடுத்தவர் கையில் ஒப்படைத்துவிட்டு வந்தால், மிச்சம் ஒரு பைண்டிங் போட்ட புத்தகம்.

கைடு சொன்ன தலைப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு மூலிகை, அதன் இலைச் சாறு, நான்கு வகை பாக்டீரியா, பாக்டீரியா வளர்க்கும் அகார் தட்டில் எத்தனை மில்லிமீட்டருக்கு அவை வளராத வளையம் விழுந்தது என்று ஓர் அட்டவணை. துளசி, வேம்பு, துத்தி, குப்பைமேனி என்று செடி மாறும், முடிவுரை மாறாது. வணிகவியல் துறையிலும் இதே கதைதான். "வாடிக்கையாளர் திருப்தி குறித்த ஓர் ஆய்வு, கோயம்புத்தூர் மாநகரைச் சிறப்பாகக் கொண்டு" என்று ஒரு தலைப்பு உண்டு. அங்கே ஊர்ப் பெயர் மட்டும் மாறும்.

அந்த பாக்டீரியா சோதனையே மட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். ஒழுங்காகச் செய்தால் நல்ல சோதனை. ஒழுங்காகச் செய்வதற்குத்தான் நிறைய வேண்டும். பாக்டீரியாக் கரைசலை 0.5 மெக்ஃபார்லண்டு அடர்த்திக்குக் கொண்டுவர வேண்டும். அதாவது ஒரு மில்லிலிட்டரில் ஏறத்தாழ 15 கோடி செல். முல்லர்-ஹின்டன் அகாரைத் தட்டில் 4 மில்லிமீட்டர் கனத்துக்கு ஊற்ற வேண்டும். கனம் கூடிப்போனால் வளையம் சுருங்கிவிடும். சாறு எடுக்கப் பயன்படுத்திய மெத்தனாலை மட்டும் தனியாக அகாரில் வெட்டிய ஒரு குழியில் விட்டுப் பார்க்க வேண்டும், ஏனென்றால் மெத்தனாலே பாக்டீரியாவைக் கொல்லும். தெரிந்த ஆன்டிபயாட்டிக் ஒன்றையும் பக்கத்தில் வைக்க வேண்டும். ஒவ்வொன்றையும் குறைந்தது மூன்று தடவை திரும்பச் செய்ய வேண்டும். இத்தனைக்கும் பிறகு, வளையம் பெரிது என்பதால் மருந்தும் வீரியமானது என்று சொல்லிவிட முடியாது. சாற்றிலுள்ள பொருள் அகாரில் எவ்வளவு எளிதாகப் பரவுகிறது என்பதும் அந்த வளையத்துக்குள் கலந்திருக்கிறது. நான் பார்த்த அறிக்கைகளில் மெத்தனால் குழி பெரும்பாலும் இருக்காது. ஆட்டோகிளேவ் ஓடாத லேபில் இந்த வேலையைத் தொடவே கூடாது. வளர்த்த கிருமியைக் கொல்லாமல் குப்பையில் கொட்டுவது ஆபத்து.

லேப் இல்லாமல் என்ன ஆராய்ச்சி என்று கேட்டிருக்கிறீர்கள். 1906-இல் சி.வி. ராமன் சென்னை மாநிலக் கல்லூரியில் எம்.ஏ. மாணவர். எல்லா மாணவரும் செய்கிற ஸ்பெக்ட்ரோமீட்டர் சோதனையில் பட்டகத்தின் கோணத்தை அளந்துகொண்டிருந்தபோது, ஒளி மிகவும் சாய்ந்து விழுகையில் தெரியும் பட்டைகள் இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இல்லை என்பதைக் கவனித்தார். அதைப் பின்தொடர்ந்து அவர் எழுதிய கட்டுரை அந்த ஆண்டு நவம்பரில் லண்டனிலிருந்து வந்த 'ஃபிலசாஃபிகல் மேகசின்' இதழில் வெளியானது. அப்போது அவருக்கு வயது 18. அவர் மேதை, நம் கதை வேறு என்பீர்கள். இருக்கட்டும். ஆனால் ஸ்பெக்ட்ரோமீட்டர் சாதாரணக் கல்லூரி ஸ்பெக்ட்ரோமீட்டர்தான், உங்கள் இயற்பியல் துறை அலமாரியிலும் ஒன்று இருக்கும்.

இனி கண்மாய்.

"எங்கள் ஊர்க் கண்மாயின் தாவர வளம்" என்று தலைப்பு வைத்தால் ஐம்பது செடிகளின் பெயர்ப் பட்டியலோடு முடிந்துபோகும். பட்டியல் வேண்டியதுதான், ஆனால் அதில் கேள்வி இல்லை. கேள்வி எங்கே இருக்கிறது என்றால், உங்கள் செமஸ்டரும் கண்மாய் வற்றும் காலமும் ஒன்றாக ஓடுவதில் இருக்கிறது. மார்கழியில் தளும்பிக்கொண்டிருக்கும் கண்மாய் பங்குனிக்குள் பெருமளவு இறங்கிவிடும். தண்ணீர் பின்வாங்கப் பின்வாங்க, உள்வாயில், அதாவது கண்மாயின் உட்பக்கத்தில், ஒவ்வொரு வாரமும் புதிதாக ஒரு பட்டை ஈர மண் வெளியே வரும். அந்த மண்ணில் எந்தச் செடி முதலில் முளைக்கிறது, அதற்குப் பிறகு எது வருகிறது, முதலில் வந்தது நிற்கிறதா போகிறதா? இவ்வளவுதான் கேள்வி. வைவாவில் ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். பொடுதலை, நீர்முள்ளி, கொட்டைக்கரந்தை, செருப்படை, கோரை எல்லாம் அங்கே எதிர்பார்க்கக்கூடியவை. அவை எந்த வரிசையில் வரும் என்று உங்கள் கண்மாய்க்கென்று எந்தப் பாடப்புத்தகமும் எழுதி வைத்திருக்காது.

செய்யும் முறையைச் சொல்கிறேன். நீர் விளிம்பிலிருந்து மேட்டை நோக்கி மூன்று இடங்களில் கயிறு பிடித்துக் கோடு போடுங்கள். மூன்றும் ஒரே மாதிரி இடமாக இருக்கக் கூடாது என்று நினைத்து நீங்களே நல்ல இடமாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். கரையின் நீளத்தை எட்டாகவோ பத்தாகவோ பிரித்துச் சீட்டுக் குலுக்கிப் போட்டு எடுங்கள். கோட்டின் மேல் ஐந்து மீட்டருக்கு ஒரு குவாட்ராட், அதாவது செடிகளைக் கணக்கெடுக்கும் ஒரு சதுரம். பிவிசி குழாயில் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சட்டம் செய்துகொண்டால் செலவு சில நூறு ரூபாய்தான். சட்டத்துக்குள் என்னென்ன செடி, எத்தனை, தரையில் எவ்வளவு பாகத்தை மூடியிருக்கிறது என்று எழுதுங்கள். மண் சேறாக இருக்கிறதா, வெடித்துவிட்டதா, ஆடு மாடு மேய்ந்த தடம் உண்டா என்பதையும் எழுதுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை திரும்பப் போங்கள். தண்ணீர் இறங்க இறங்கக் கோடும் அதன் பின்னாலேயே நீண்டுகொண்டு போகும்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. போகும்போதெல்லாம் அன்றைக்கு நீர் விளிம்பு எங்கே இருக்கிறது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். அப்படிச் செய்தால் ஒவ்வொரு சதுரத்தின் மண்ணும் வெளியே வந்து எத்தனை நாள் ஆகிறது என்பது உங்களுக்குத் தெரிந்துவிடும். வரைபடத்தின் கீழ்க்கோட்டில் நீங்கள் போட வேண்டியது தேதியை இல்லை, அந்த நாள் கணக்கை. இந்த ஒன்றால் உங்கள் வேலை வெறும் கணக்கெடுப்பு என்ற நிலையைத் தாண்டிவிடும். முளைக்குச்சி அடித்து அடையாளம் வைத்தால் மாடு மிதிக்கும், பையன்கள் பிடுங்குவார்கள். ஃபோன் ஜிபிஎஸ்ஸில் சில மீட்டர் பிழை எப்போதும் இருக்கும், ஐந்து மீட்டர் இடைவெளிக்கு அது உதவாது. மடை, பனைமரம் மாதிரி நகராத ஒன்றிலிருந்து டேப் பிடித்து அளந்து எழுதிவைப்பதே நல்லது.

பெயர் தெரியாத செடிக்கு "செடி 7" என்று எண் போட்டுவிட்டு நகருங்கள். பூவோடு ஒரு கிளையை எடுத்துச் செய்தித்தாளுக்குள் அழுத்துங்கள், தாளைத் தினமும் மாற்றுங்கள். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் ராபினட் ஹெர்பேரியம் என்ற உலர்செடித் தொகுப்பு இருக்கிறது. உங்கள் மாவட்டமும் அடங்கிய, 'கர்நாட்டிக்' எனப்படும் தமிழ்நாட்டுச் சமவெளியின் தாவரங்களைப் பற்றிப் பாதிரியார் கே.எம். மாத்யூ 1980-களின் தொடக்கத்தில் வெளியிட்ட பெருந்தொகுதி அங்கே உருவானதுதான். துறைத் தலைவரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு, அழுத்திய செடிகளோடு ஒரு நாள் போய் வாருங்கள். ஃபோனில் படம் பிடித்தால் பெயர் சொல்லும் செயலிகள் துப்புக் கொடுக்கும், தீர்ப்புச் சொல்லாது. கோரை வகைகளிலும் புல் வகைகளிலும் அவை அடிக்கடி தடுமாறும்.

எத்தனை சதுரம் எடுத்தாலும் கண்மாய் ஒன்றுதான் என்பதை மறக்காதீர்கள். அறுபது சட்டம் போட்டுவிட்டு "தமிழகக் கண்மாய்களில்" என்று முடிவுரை எழுதினால், ஏறத்தாழ 39,000 ஏரி, கண்மாய்களின் சார்பில் ஒன்றைக் கொண்டு சாட்சி சொன்னதாக ஆகும். "இந்த ஆண்டு, இந்தக் கண்மாயில், மூன்று கோடுகளில் கண்டது" என்று எழுதுங்கள். எக்ஸ்டர்னல் யாராவது காய்-ஸ்கொயர் என்ற புள்ளியியல் சோதனை எங்கே என்று கேட்டால் கலங்க வேண்டாம். நாள் கணக்குக்கு எதிரே செடிகளின் எண்ணிக்கையைப் போட்ட ஒரு நல்ல வரைபடம் போதும். ஒருவேளை வரிசையே தெரியவில்லை, எல்லாம் கலந்து கட்டித்தான் முளைத்தது என்று வந்தால், அதுவும் ஒரு முடிவே. அப்படியே எழுதுங்கள்.

நோட்டில் பேனாவால் எழுதுங்கள். தப்பானதை ஒரே கோடாக அடியுங்கள், வெள்ளை மை பூச வேண்டாம். சேறு பட்ட அந்த நோட்டையே வைவா மேசையில் வையுங்கள்.

ஒரு எச்சரிக்கை, இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கண்மாய்க்குள் மண் அள்ளிய குழிகள் இருக்கும். மேலே முழங்கால் தண்ணீராகத் தெரியும் இடத்தில் ஆள் மூழ்கும் ஆழம் இருக்கலாம். வருடா வருடம் பிள்ளைகளைப் பறிகொடுப்பது இந்தக் குழிகளில்தான். தண்ணீருக்குள் இறங்கவே வேண்டாம், உங்கள் கேள்விக்கு அது தேவையும் இல்லை. தனியாகப் போகாதீர்கள். ஊராட்சித் தலைவரிடமும் வீட்டிலும் சொல்லிவிட்டு, எங்கே குழி என்று ஊரில் மாடு மேய்ப்பவரிடம் கேட்டுக்கொண்டு, காலையிலேயே போய் வாருங்கள்.

சரி, கைடிடம் எப்படிப் பேசுவது? அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. வாரம் 16 மணி நேரம் வகுப்பு, அதற்கு மேல் ரெக்கார்டு, நாக் எனும் கல்லூரித் தர மதிப்பீட்டு வேலை, மூன்று நான்கு புராஜெக்ட் குழு, வாங்கித் தர ரசாயனம் கிடையாது. அந்த நிலையில் யாரும் பழைய தலைப்பைத்தான் நீட்டுவார்கள். "சார், எங்களுக்கு வேற தலைப்பு வேணும்" என்று வெறுங்கையோடு போய் நிற்காதீர்கள். ஒரே ஒரு பக்கம் எழுதிக்கொண்டு போங்கள்: கேள்வி என்ன, இடம் எது, எந்தெந்தத் தேதியில் போவோம், என்ன செலவு, என்ன ஆபத்து. அந்தப் பக்கத்தில் அவர் செய்ய வேண்டிய வேலை ஒன்றும் இல்லை என்று தெரிந்தால் பத்தில் ஒன்பது பேர் சரி என்பார்கள். ஒரு தடவையாவது கூட வாருங்கள் என்று அழையுங்கள். தாவரவியல் படித்தவர் யாரும் கண்மாய்க்கு வர மறுத்து நான் பார்த்ததில்லை.

குழுவில் சரி என்று சொன்ன அந்த மூன்று பேரிடம் 2,500 ரூபாய் மிச்சமாகும் என்பதை முதலில் சொல்லுங்கள். மற்ற வாதங்களைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு முறையும் இரண்டு பேராவது களத்துக்கு வர வேண்டும், வந்தவர் பெயர் அன்றைய பக்கத்தில் இருக்க வேண்டும் என்று ஆரம்பத்திலேயே பேசிக்கொண்டால் பின்னால் சண்டை குறையும்.

இப்போது உங்கள் தோழிக்கு. நாலு புத்தகத்தைப் பார்த்து எழுதுவது ஆராய்ச்சி இல்லை என்ற சந்தேகம் அவருக்கே இருக்கிறது, நல்லது. வரலாற்றுத் துறைப் புராஜெக்ட்களில் "சோழர் கால நீர்ப்பாசனம்" என்று தலைப்பு வைத்து, மூன்று நூல்களிலிருந்து பத்தி பத்தியாக எடுத்து ஒட்டியதை நிறையப் பார்த்திருக்கிறேன். இப்போது அந்த வேலையை ஏஐ செயலி இன்னும் வேகமாகச் செய்து கொடுக்கிறது, இல்லாத நூலுக்கு ஆசிரியர் பெயரும் பக்க எண்ணும் சேர்த்து. அவர் மேற்கோள் காட்டும் ஒவ்வொரு நூலையும் கையில் எடுத்து அந்தப் பக்கத்தைப் பார்த்திருக்க வேண்டும். இது ஒரு விதி என்று வைத்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

அவருக்கு நான் சொல்லும் கேள்வி இது: உங்கள் ஊரில் மடையைத் திறந்து வயல் வயலாகத் தண்ணீர் விட்ட நீர்பாய்ச்சி என்ற வேலை எந்த ஆண்டோடு நின்றது, ஏன் நின்றது? இன்னும் நிற்கவில்லை என்றால், யார் செய்கிறார்கள், கூலியை யார் கொடுக்கிறார்கள்? காரணம் பலவாக இருக்கலாம். 1990 வாக்கில் விவசாயத்துக்கு இலவச மின்சாரம் வந்த பிறகு போர்வெல் போட்டவர்கள் கண்மாய்த் தண்ணீரை எதிர்பார்ப்பதை விட்டிருக்கலாம். நெல்லாக அளந்த கூலி பணமாக மாறியபோது கட்டுப்படியாகாமல் போயிருக்கலாம். ஆயக்கட்டு நிலம், அதாவது கண்மாய்ப் பாசன நிலம், தைலமரமாகவோ தென்னையாகவோ மாறியிருக்கலாம். இந்த வேலையைத் தலைமுறையாகச் சுமந்த குடும்பம், இனி எங்களால் முடியாது என்று மறுத்திருக்கலாம். எது உங்கள் ஊர்க் கதை என்பதைப் புத்தகம் சொல்லாது.

ஆதாரம் மூன்று இடத்தில் இருக்கிறது. முதலாவது பதிவேடு. கிராம நிர்வாக அலுவலரிடம் 'அ' பதிவேடும் புலப்படமும் இருக்கும். கண்மாயின் பரப்பும் எல்லையும் அதில் தெரியும். ஆயக்கட்டு 100 ஏக்கருக்கு மேல் என்றால் கண்மாய் பொதுப்பணித் துறை வழிவந்த நீர்வளத் துறையின் கையில் இருக்கும், அதற்குக் கீழ் என்றால் ஊராட்சி ஒன்றியத்தின் கண்மாய். எந்த அலுவலகப் படி ஏறுவது என்பது இதைப் பொறுத்தது. புதுக்கோட்டைச் சமஸ்தானம் 1948 மார்ச் 3-ஆம் தேதிதான் இந்திய ஒன்றியத்தோடு இணைந்தது. உங்கள் ஊர் சமஸ்தானத்துக்குள் இருந்தது என்றால், அதற்கு முந்தைய காகிதம் சமஸ்தானக் காகிதம் என்பதைத் தேடும்போது நினைவில் வைக்க வேண்டும், சென்னை மாகாண ஆவணங்களில் தேடி ஏமாறக் கூடாது.

இரண்டாவது கல். உங்கள் பகுதியில் பல கண்மாய்களுக்குள் தண்ணீரை வெளியே விடும் பழைய குமிழித் தூம்பு நிற்கும், இரண்டு கல்தூணும் குறுக்குக் கல்லுமாக. அதைச் செய்து வைத்தவர் பெயரைத் தூணில் வெட்டியிருப்பதும் உண்டு. இப்போது தண்ணீரில் மூழ்கியிருந்தால் மாசி, பங்குனியில் வெளியே வரும், நீங்கள் கோடு நீட்டிக்கொண்டு போகும் அதே சமயத்தில். எழுத்து தெரிந்தால் சுண்ணாம்பு, எண்ணெய், மாவு எதையும் தடவ வேண்டாம். மெல்லிய பிரஷ்ஷும் தண்ணீரும் போதும். சாயங்கால வெயில் பக்கவாட்டில் விழும்போது படம் எடுத்தால் எழுத்து எடுப்பாகத் தெரியும். புதுக்கோட்டைச் சமஸ்தானக் கல்வெட்டுகள் 1929-இலேயே தொகுத்து அச்சிடப்பட்டவை. உங்கள் ஊர்க் கல் அதில் இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் புதுக்கோட்டை அருங்காட்சியகத்துக்குத் தெரியப்படுத்துங்கள். கல்வெட்டைப் படிக்கிறேன் என்று அவரே திணற வேண்டியதில்லை.

மூன்றாவது மனிதர்கள். இதுதான் கடினமானது. யாரும் ஆண்டைச் சொல்ல மாட்டார்கள். "எம்ஜிஆர் செத்த வருஷம்" என்பார்கள், அது 1987 டிசம்பர். "இந்திரா காந்தியைச் சுட்டப்போ" என்றால் 1984. "கஜா புயலுக்கு முந்தி" என்றால் 2018 நவம்பருக்கு முன். இப்படி ஒரு பட்டியலைத் தயார் செய்துகொண்டு போனால், "எத்தனை வருஷம் ஆச்சு?" என்று கேட்டு வாங்கும் பதிலைவிட நம்பகமான பதில் கிடைக்கும். இரண்டு பேர் முரண்பட்டால் ஒருவரைப் பொய்யராக்கித் தள்ளிவிடாமல் இரண்டையும் எழுத வேண்டும். நிலம் வைத்திருந்தவருக்கும் மடை திறந்தவருக்கும் ஒரே நிகழ்ச்சி வேறு வேறாகத்தான் நினைவில் நிற்கும், அந்த வேறுபாட்டில்தான் வரலாறு இருக்கிறது.

பல ஊர்களில் இந்த வேலை சாதியோடு கட்டப்பட்டிருந்தது. அதை மழுப்பாமல் எழுத வேண்டும், ஆனால் கேட்பதில் நிதானம் வேண்டும். மடை திறந்த குடும்பத்தை அவர்கள் வீட்டிலேயே போய்ப் பாருங்கள். ஊர்ப் பெரிய மனிதர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது எடுத்த பேட்டி பேட்டியே ஆகாது. எதற்காகக் கேட்கிறோம் என்று சொல்லி, விருப்பமில்லாத கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டாம் என்றும் சொல்லிவிட்டுப் பிறகு ஆரம்பியுங்கள். ஃபோனில் பதிவு செய்வதென்றால் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். அறிக்கையில் பெயரை மாற்றிப் போடுங்கள். ஊர் சின்னது, பெயரை மாற்றினாலும் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தோன்றினால் அந்த வரியையே விட்டுவிடுங்கள்.

இரண்டு பேரும் சேர்ந்து ஒரே அறிக்கை கொடுக்கப் பல்கலைக்கழக விதி பெரும்பாலும் இடம் தராது. துறை வேறு, பேப்பர் வேறு. ஆகவே இரண்டு தனி அறிக்கை, ஒரே கண்மாய். இரண்டு துறைத் தலைவர்களிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அவரவர் அறிக்கையில் மற்றவர் உதவியைக் குறிப்பிடுங்கள். உதவி வெறும் பேச்சுத் துணையாக நிற்காது. கண்மாயை எந்த ஆண்டு எந்தப் பக்கம் தூர்வாரினார்கள் என்று உங்கள் தோழி பதிவேட்டிலிருந்து கண்டுபிடித்தால், உங்கள் இரண்டாவது கோட்டில் மட்டும் செடி ஏன் வேறு மாதிரி வருகிறது என்பதற்கு விளக்கம் கிடைக்கலாம். 2017-இல் நீர்நிலைகளைச் செப்பனிட அரசு குடிமராமத்து என்ற பெயரில் மறுபடி தொடங்கிய பணியில் உங்கள் கண்மாய் இருந்ததா என்று பார்க்கச் சொல்லுங்கள். நெய்வேலிக் காட்டாமணக்கும் சீமைக்கருவேலும் எப்போது வந்தன என்பது, மறுபக்கம், அவர் பேட்டி எடுக்கும் பெரியவர்களுக்குத் தெரியும். அது உங்களுக்கு வேண்டிய தகவல்.

சென்டர்காரர்கள் அடுத்ததாக "சர்வதேச இதழில் வெளியிட்டுத் தருகிறோம்" என்றும் வருவார்கள். ஐஎஸ்எஸ்என் எண் இருப்பதால் ஓர் இதழ் தரமானது ஆகிவிடாது, அது வெறும் பதிவு எண். பணம் கேட்டு, ஒரே வாரத்தில் ஏற்றுக்கொண்டேன் என்று சொல்லும் இதழில் போடுவதைவிடப் போடாமல் இருப்பது மேல்.

எம்.எஸ்சி. போகும் எண்ணம் இருந்தால் இன்னொன்று. பெங்களூரு, டெல்லி, பிரயாக்ராஜில் உள்ள மூன்று அறிவியல் கழகங்களும் சேர்ந்து கோடைக்கால ஆய்வு உதவித்தொகை தருகின்றன. தேர்வானவர்கள் ஏதாவது ஓர் ஆய்வு நிறுவனத்தில் இரண்டு மாதம் வேலை செய்யலாம். விண்ணப்பம் வழக்கமாக நவம்பர் வாக்கில் முடிந்துவிடும், ஆகவே இந்த ஆண்டுக்குத் தாமதம். அதற்கு ஒரு சிறு ஆய்வுத் திட்டம் எழுதிக் கொடுக்க வேண்டும். உண்மையாகக் களத்தில் நின்றவர் எழுதுவது அங்கே தனியாகத் தெரியும். உங்கள் ஜூனியர்களிடமும் சொல்லிவையுங்கள். வரலாறு போன்ற கலைத் துறைகளுக்கு இந்த அளவுக்குப் பெரிய ஏற்பாடு இளநிலையில் இல்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம்.

கடைசியாக, உங்கள் தோழி இந்த வாரமே செய்ய வேண்டிய ஒரு வேலை உண்டு. அலுவலகத்தில் நேரில் கேட்டு, தரமாட்டேன் என்றோ நாளைக்கு வா என்றோ சொன்னால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடட்டும். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, கண்மாயின் ஆயக்கட்டு ஏக்கர், கடந்த ஆண்டுகளில் நடந்த மராமத்து, மீன்பாசி (மீன்பிடி உரிமை) ஏல விவரம் ஆகியவற்றின் நகல் வேண்டும் என்று தனித்தனி வரியாகக் கேட்க வேண்டும். ஏன் என்று காரணம் எழுதத் தேவையில்லை. 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். பதிலே வராமல் மேல்முறையீடு செய்ய நேர்ந்தால் இன்னும் ஒரு மாதம் போகும். டிசம்பரில் போட்டால் வைவாவுக்கு முன் காகிதம் கைக்கு வந்துவிடும், பொங்கல் கழித்துப் போடலாம் என்று விட்டால் வராமல் போகலாம்.